ஜாக் ஹில்ட்டனா, எடி ரோஸ்னரா? பழைய ஐரோப்பிய ஜாஸ்ல யாரை முதல்ல கேக்கலாம்

பழைய ஐரோப்பிய ஜாஸ்னு பேச்செடுத்தாலே ஜாங்கோ ரைன்ஹார்ட் பேருதான் முதல்ல வரும். கிட்டார்ல அவரு மேதை, அதுல ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா நான் சொல்ல வர்றது பேண்ட்லீடர்களைப் பத்தி, அதாவது பத்து இருபது பேரை ஒண்ணா கட்டி மேய்ச்சு, சம்பளம் குடுத்து, ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி, அதுல நல்ல இசையும் குடுத்தவங்க. அந்த வரிசைல என் கணக்குப்படி ரெண்டு பேருக்குள்ளதான் போட்டி, இங்கிலாந்துக்காரர் ஜாக் ஹில்ட்டன், பெர்லின்ல பொறந்த எடி ரோஸ்னர்.

ஹில்ட்டன் 1892ல லங்காஷயர்ல போல்ட்டன் பக்கம் பஞ்சாலை வேலை பாத்தவரோட மகனா பொறந்தவரு. 1920கள் ஆரம்பத்துல லண்டன் குயின்ஸ் ஹால்ல டான்ஸ் பேண்ட்ல பியானோ வாசிச்சிட்டு இருந்தாரு. அமெரிக்க பேண்ட்லீடர் பால் வைட்மேன் ஸ்டைலைப் பாத்து பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கட்டினாரு, அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள ரெக்கார்டு லட்சக்கணக்குல வித்துச்சு, ஐரோப்பா முழுக்க டூர். சவுண்டு சும்மா பளபளன்னு இருக்கும், ஒரு பிசிறு தட்டாது. ஆனா ஜாஸ்னு எதிர்பாத்து உக்காந்தா பல பாட்டுல ஏமாற்றம்தான், நோட்டுல எழுதினதை அச்சு பிசகாம வாசிக்கிற டான்ஸ் மியூசிக் அது, இஷ்டத்துக்கு சோலோ எடுக்க இடமே இருக்காது.

அப்புறம் எதுக்கு அவரைப் பெருசா பேசணும்னா, அவரோட காது. 1928ல பாரிஸ்ல ஒரு டான்ஸ் ஹாலுக்குப் போயி, அக்கார்டியன் பேண்டுல பேஞ்சோ வாசிச்சிட்டு இருந்த ஜாங்கோவைக் கேட்டுட்டு என் பேண்டுக்கு வர்றியான்னு கூப்பிட்டது ஹில்ட்டன்தான். ஜாங்கோ கிளம்புறதுக்கு முன்னாடியே அவரு குடியிருந்த வண்டி தீப்பிடிச்சு இடது கை வெந்துபோச்சு, அதோட அது நின்னு போச்சு. 1933ல அமெரிக்க ஜாஸ் பேண்ட்லீடர் டியூக் எலிங்டனை முதல் தடவையா லண்டனுக்குக் கூட்டிட்டு வந்து பல்லேடியம் தியேட்டர்ல மேடை ஏத்தினதும் இவருதான். அடுத்த வருஷம் சாக்ஸபோன்காரர் கோல்மன் ஹாக்கின்ஸ் அமெரிக்காவுல இருந்து லண்டன் வர ஆசையா இருக்குன்னு ஒரு தந்தி குடுக்க, சட்டுனு வேலை போட்டுக் குடுத்தாரு. சும்மா வாய்ப்பேச்சுக்கு ஜாஸ் பிடிக்கும்னு சொன்ன ஆள் இல்ல, தன் காசையும் பேரையும் அதுல போட்டவரு.

ஆனா அதே ஹாக்கின்ஸ் விஷயத்துலதான் எனக்கு அவர் மேல ஒரு வருத்தம். 1935ல ஹில்ட்டன் பேண்ட் ஜெர்மனி டூர் போகுது, ஹாக்கின்ஸ் கறுப்பர்ங்கறதால நாஜி அரசு உள்ள விடல. ஹில்ட்டன் அவரை ஹாலந்துல விட்டுட்டு டூருக்குப் போயிட்டாரு. ஹாக்கின்ஸ் திரும்ப அவர்கிட்ட போகல, அங்கேயே ஹாலந்து பேண்டோட சேந்து ரெக்கார்டு பண்ணினாரு. முப்பது பேர் பொழப்பு அந்த டூர்ல இருந்திருக்கலாம், இருந்தாலும் அந்த ஒரு தடவை கேன்சல் பண்ணியிருக்கணும்னு எனக்கு இன்னும் தோணுது.

இப்ப ரோஸ்னரை பக்கத்துல வச்சுப் பாருங்க. 1910ல பெர்லின்ல போலந்து யூதக் குடும்பத்துல பொறந்து, சின்ன வயசுலயே வயலின் படிச்சு, அப்புறம் ட்ரம்பெட்டுக்கு மாறி, வைன்ட்ராப்ஸ் சின்கோபேட்டர்ஸ்ங்கற பேர்போன பேண்ட்ல வாசிச்சவரு. ஹில்ட்டன் டூர் போன அந்த ஜெர்மனியை விட்டு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1933ல, இவரு உயிரைக் கையில புடிச்சிட்டு கிளம்ப வேண்டியதாச்சு. போலந்துல சொந்த பேண்ட் கட்டி பேர் வாங்கினாரு. ரெண்டு ட்ரம்பெட்டை ஒரே நேரத்துல வாயில வச்சு வாசிக்கிற வித்தையும் உண்டு, ஆனா வித்தையை விடுங்க, ஒத்தை ட்ரம்பெட்ல அவரு ஊதுறதுலயே அமெரிக்க ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் சாயல் கணீர்னு கேக்கும்.

1939ல வார்சா மேல குண்டு விழ, அங்கேர்ந்து சோவியத் பக்கம் இருந்த பியாலிஸ்டாக்குக்கு ஓடி, கொஞ்ச நாள்லயே பெலாரஸ் அரசு ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவுக்கே தலைவராயிட்டாரு. சோச்சியில ஒரு நாள் ஆளே இல்லாத இருட்டு ஹால்ல முழுக் கச்சேரியும் வாசிக்கச் சொன்னாங்களாம், கைதட்ட ஒருத்தர் இல்ல, பேண்ட் ஆளுங்க நடுங்கிக்கிட்டே வாசிச்சு முடிச்சு ரூமுக்குப் போன அப்புறம் ஸ்டாலினுக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு போன் வந்துச்சாம். இன்னிக்கு வரைக்கும் அவரைப் பத்தி பேசுறவங்க சொல்ற கதை இது. அந்தப் பிடிச்சதெல்லாம் எத்தனை நாளைக்கு? போர் முடிஞ்சதும் ஜாஸ் மேலயே அரசுக்கு கோவம் திரும்புச்சு, 1946ல போலந்துக்குத் தப்பிக்கப் பாத்தப்ப லிவிவ்ல கைது, பத்து வருஷ தண்டனை. ரஷ்யாவோட கிழக்குக் கோடியில இருக்கிற மகடான் கட்டாய உழைப்பு முகாம்ல கைதிகளை வச்சே பேண்ட் நடத்தினாரு. 1954ல வெளிய வந்து மாஸ்கோவுல மறுபடி ஆர்க்கெஸ்ட்ரா. 1956ல வந்த 'கார்னிவல் நைட்' சோவியத் படத்துல கேக்குறது இவரோட ஆர்க்கெஸ்ட்ராதான், டைட்டில்ல பேர் மட்டும் கிடையாது. 1973ல மேற்கு பெர்லின் திரும்பி, மூணு வருஷத்துல இறந்துட்டாரு.

ரே வென்சுராவை ஏன் விட்டுட்டேன்னு கேப்பீங்க. பாரிஸ்காரர், ஸ்கூல் பசங்களோட பேண்ட்ல ஆரம்பிச்சவரு, மேடையில பாட்டோட காமெடி கலக்குறதை ஹில்ட்டன்கிட்ட இருந்து எடுத்துட்டு அதை அவரைவிட நல்லாவே செஞ்சாரு. ஹில்ட்டன்கிட்ட இருந்த ட்ரம்பெட்காரர் பிலிப் ப்ரூன்கூட பின்னாடி இவர்கிட்டதான் போனாரு. கேக்க ஜாலியா இருக்கும், ஆனா பாதி பேண்ட், பாதி நாடகம். ஃப்ரெஞ்ச் தெரியலேன்னா பாதி ரசம் போயிடும்.

நான் கை காட்டுறது ரோஸ்னரைத்தான், யோசிக்கவே வேண்டியதில்ல. கஷ்டப்பட்டாருங்கற பரிதாபத்துல சொல்லல, ஹில்ட்டன் பேண்ட்ல நான் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்த ஸ்விங், அதாவது காலைத் தாளம் போட வைக்கிற அந்த ஜாஸ் துள்ளல், இவர்கிட்ட பாட்டு ஆரம்பிச்ச முதல் நாலு தாளக்கட்டுலயே வந்துடுது. அதே நேரம் ஹில்ட்டனை ஒதுக்கிடாதீங்க, நூத்துக்கணக்குல கிடக்குற டான்ஸ் பாட்டை விட்டுட்டு 1933ல அவரு எலிங்டன் பாட்டுகளைக் கோத்து பண்ணின 'எலிங்டோனியா'வை மட்டும் எடுங்க. அதைக் கேட்ட கையோட ரோஸ்னர் வாசிச்ச 'கேரவன்' போடுங்க, அதுவும் எலிங்டன் பேண்ட்ல பொறந்த பாட்டுதான், ரெண்டு பேரும் எலிங்டனை எப்படி உள்வாங்கியிருக்காங்கன்னு உங்க காதுக்கே தெரியும். கேக்கும்போது ஹெட்போன் போட்டுக்கங்க, பழைய ரெக்கார்டுல பேஸ் சவுண்டு போன் ஸ்பீக்கர்ல சுத்தமா கேக்காது.