நகர்மன்றக் கூட்டம், பார்வையாளர் வரிசையிலிருந்து: ஐந்துக்கு இரண்டரை

கடற்கரை நடைபாதையில் போடப்போகிற பெஞ்சுக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று நாற்பது நிமிஷம் பேசினார்கள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் கணக்கு சரியாகத் தெரியும். அடுத்த பொருள், கழிவுநீரைக் கடலுக்குள் கொண்டுபோய் விடுகிற குழாயைப் பழுதுபார்க்கும் ஒப்பந்தம். தொகையில் பெஞ்செல்லாம் அதற்குப் பக்கத்திலேயே வராது. எழுத்தர் எண்ணை வாசித்தார், தலைவர் நிமிராமலே "நிறைவேற்றலாமா" என்றார், இரண்டு பேர் மேஜையைத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. கடலுக்கடியில் கிடக்கிற குழாயைப் பற்றி வாயைத் திறந்தால் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளியே வந்துவிடும், அதனால் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு வருஷமாக ஒரு கடலோர நகராட்சியின் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். வரி கட்டுகிறவன் கையில் கிடைக்கிற சேவைகளில் இதுவும் ஒன்று என்று நினைப்பதால்தான் இந்த விமர்சனம். ஊர்ப் பெயர் வேண்டாம்.

முதல் அனுபவம் வாசலிலேயே. காவலாளி "யாரைப் பார்க்கணும் சார்?" என்றார். கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் யாரையோ கேட்டு வந்தார், பிறகு பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த மின்விசிறி நேராக மேலே. அது போடுகிற சத்தத்தில் பாதித் தீர்மானம் காதில் விழாது. இடம் மாறி ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்வது நல்லது, இது மூன்றாவது கூட்டத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இந்தச் சேவையில் நிஜமான சரக்கு கூட்டம் இல்லை, அஜெண்டா. அது எப்போது கைக்கு வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மன்றக் கூட்டம் பொதுவில்தான் நடக்க வேண்டும் என்று 1953லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், பின்னால் அதில் சேர்த்த விதிப்படி வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே கூட்டப் பொருளைப் பொதுவில் ஒட்டியாக வேண்டும். பிரிட்டனில் மன்றக் கூட்டத்துக்குள் பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் போய் உட்காரும் உரிமையை 1960ஆம் வருஷச் சட்டம் கொடுத்தது. நான் போகிற இடத்தில் முந்தின நாள் சாயங்காலம் அறிவிப்புப் பலகையில், பழைய டெண்டர் நோட்டீசின் மேலேயே பசை தடவி ஒட்டுகிறார்கள். இணையத்திலும் ஏற்றுகிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், ஆனால் பக்கங்கள் படுத்துக்கிடக்கும், போனைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பும். மதிப்பீட்டு அறிக்கை "இணைப்பில் காண்க" என்றிருக்கும், இணைப்பு இருக்காது. இது போதாதென்று அவசரப் பொருள் என்று ஒரு வகை உண்டு, அது கூட்டம் நடக்கிற அன்று காலைதான் கவுன்சிலர்களுக்கே தெரியும். ஒரு தடவை அஜெண்டாவில் பதினெட்டுப் பொருள், அவசரப் பொருளாக வந்தது இருபத்திரண்டு. எல்லாம் ஆல் பாஸ்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மழைநீர் வடிகாலின் வாய்க்கு ஒருவழிக் கதவு போடும் பொருள் வந்த அன்று ஒரு கவுன்சிலர் எழுந்து, "மழையே இல்லாத நாளில் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அதற்கும் வடிகாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். பொறியாளர் பேசாமல் எழுந்துபோய் அஜெண்டாவின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். இது கடல், இது குழாயின் வாய். குழாய் போட்ட காலத்தில் ஓதம் ஏறும்போதும் வாய் வெளியே தெரிந்தது, இப்போது முழுகிப்போகிறது, அதனால் வெளியே போக வேண்டிய குழாய் வழியாகவே கடல் உள்ளே வருகிறது, தெருவில் நிற்பது மழைத்தண்ணீர் இல்லை, வேண்டுமானால் நாக்கில் வைத்துப் பாருங்கள். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் வருஷத்துக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி சொல்வதைப் படித்திருக்கிறேன், அப்போது அது ஒரு எண்ணாகத்தான் பட்டது. அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்தபோதுதான் தெருமுனை உப்புக்குட்டை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி நீட்டுகிற தூண்டில் வளைவு விவகாரத்துக்கு அதில் பாதிகூடக் கொடுக்க முடியாது. கடல் அரிப்பு மூன்றாம் வார்டில். அந்த வார்டு கவுன்சிலர் கல் கொட்டச் சொல்கிறார், அவர் சொல்வதில் தப்பே இல்லை, வீடு போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருப்பது. நடுவில் கல்லை நீட்டினால் வருகிற பக்கத்தில் மணல் சேரும், அந்தப் பக்கம் கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் வந்தபிறகு தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான். அப்படியானால் மணல் ஓடுகிற திசையில் அடுத்து இருக்கிற நாலாம் வார்டுக்காரர் எழுந்து சண்டை போட்டிருக்க வேண்டாமா? அவர் எழுந்தார். "எங்கள் வார்டுக்கும் இரண்டு வளைவு வேண்டும்" என்றார். பலத்த மேஜைத் தட்டல். கடலுக்கு வார்டு எல்லை தெரியாது என்பதை யாராவது சொல்வார்கள் என்று கடைசி வரை காத்திருந்தேன்.

உண்மையில் கடலோர ஊரில் மன்றத்தின் கையில் இருப்பது கொஞ்சம்தான். துறைமுகம் ஒரு துறை, கரைப் பாதுகாப்பு இன்னொரு துறை, நெடுஞ்சாலை வேறு துறை. "அது எங்கள் அதிகார வரம்பில் வராது" என்ற வாக்கியத்தை ஒரே கூட்டத்தில் ஏழு தடவை எண்ணியிருக்கிறேன், அதில் நாலு நியாயமானது. மீதி மூன்றில் ஒன்று கடற்கரை ஓரத்துத் தங்கும் விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, எங்கள் கிணறு உப்பாகிவிட்டது ஐயா என்றார். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். அமெரிக்க நகர்மன்றங்கள் பலவற்றில் ஆளுக்கு மூன்று நிமிஷமாவது கொடுப்பார்கள், இங்கே மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் சொல்ல வந்தது சின்ன விஷயமும் இல்லை. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நூறு வருஷத்துக்கு மேல் பழகிய கணக்கு. மேலே அரை மீட்டர் உறிஞ்சிவிட்டால் கீழே காலப்போக்கில் 20 மீட்டர் உப்பு ஏறும். கிணற்றடியில் நிற்கிற மனுஷருக்கு இந்தக் கணக்கு நாக்கிலேயே தெரிந்திருக்கிறது.

வெனிஸில் 2019 நவம்பரில் வெனெட்டோ பிராந்திய மன்றம் காலநிலை தொடர்பான திருத்தங்களைத் தோற்கடித்த கொஞ்ச நேரத்திலேயே மன்ற அறைக்குள் வெள்ளம் வந்தது. எங்கள் மன்றம் மாடியில் இருக்கிறது, அதனால் அந்தப் பயம் இல்லை.

நடவடிக்கைக் குறிப்புக்கு மார்க் போடவே மனசு வரவில்லை. பெஞ்சு வண்ணத்துக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. குழாய்க்கு "விவாதத்துக்குப் பின் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது". விவாதம் எங்கே நடந்தது என்று கேட்டதற்கு, முந்தின நாள் ராத்திரி கட்சிக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டோம் என்று ஒரு கவுன்சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒளித்துச் சொல்லவில்லை, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். வெளிநடப்பு செய்தவரும் அந்த ஏகமனதில் சேர்ந்துவிட்டார் என்பது தனிக்கதை.

அதனால் போக நினைப்பவர்கள் கூட்டத்தன்று போவதைவிட, முந்தின நாள் சாயங்காலம் பலகைக்கு முன்னால் போய் நில்லுங்கள். படம் எடுங்கள், வடிகால், மணல், கிணறு, கட்டட அனுமதி என்று வருகிற இரண்டு பொருளை மட்டும் சுழித்து, ராத்திரி எட்டு மணிக்குள் வார்டு கவுன்சிலருக்குப் போன் போடுங்கள். நான் இரண்டு தடவை போட்டேன். ஒரு தடவை எடுக்கவில்லை. இன்னொரு தடவை, "அப்படியொரு பொருள் இருக்கா?" என்று அவரே என்னைக் கேட்டு, அப்புறம் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வியும் கேட்டார். கொடுத்த இரண்டரையில் ஒன்று அதற்காக.

பெஞ்சு பச்சை என்று முடிவாகி, போட்டும் விட்டார்கள், உட்கார வசதியாகத்தான் இருக்கிறது. குழாய் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.