வீட்டுக்கு எஸ்பிரெஸ்ஸோ மெஷின்: அட்டைப்பெட்டியில் உள்ள ‘15 பார்’ எதற்கும் உதவாது

மெஷின் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘15 பார்’. சிலவற்றில் ‘20 பார்’ என்றுகூட இருக்கும். இதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு மெஷின்களில் இருக்கும் சிறிய வைப்ரேஷன் பம்ப், தண்ணீர் வெளியேற வழியே இல்லாமல் அடைத்துவிட்டால் எட்டக்கூடிய உச்ச அழுத்தம் அது. காபி இறங்கத் தேவைப்படுவது 9 பார்தான். அதற்கு மேல் போனால் தூள் அளவுக்கு மீறி இறுகிவிடும். தண்ணீர் ஏதாவது ஒரு பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு ஓடும். அந்த ஓட்டையைச் சுற்றியுள்ள தூளிலிருந்து கசப்பு முழுக்க இறங்கும், மற்ற இடத்துத் தூளோ அரைகுறையாக நனைந்து நிற்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான். நல்ல மெஷினில் உபரி அழுத்தத்தைத் திருப்பிவிட ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கும். விற்பவரிடம் கேட்க வேண்டியது அந்த வால்வு இருக்கிறதா, எத்தனை பாருக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை.

மெஷினைப் பற்றிப் பேசும் முன் கிரைண்டர். இதில் சமரசத்துக்கே இடமில்லை. கையில் இருக்கும் தொகையில் பாதி கிரைண்டருக்குப் போனாலும் தப்பில்லை. சாதாரண மெஷினும் நல்ல கிரைண்டரும் சேர்ந்து தரும் காபியை, உயர்தர மெஷினும் மோசமான கிரைண்டரும் ஒருநாளும் தராது. மிக்ஸி போலப் பிளேடு சுழலும் கிரைண்டர் எஸ்பிரெஸ்ஸோவுக்கு உதவவே உதவாது. மாவும் குருணையும் கலந்து வரும். பர் (கொட்டையை இடையில் நசுக்கி அரைக்கும் பல் வைத்த இரட்டை வட்டுகள்) வைத்த கிரைண்டர்தான் வேண்டும், அதிலும் எஸ்பிரெஸ்ஸோ அரைவைக்குள்ளேயே நுணுக்கமாக நகர்த்தக்கூடியது. பல பொதுப்பயன் கிரைண்டர்களில் சிக்கல் இங்கேதான்: ஒரு படியில் வைத்தால் ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ) 16 வினாடியில் ஓடிவிடும், அடுத்த படியில் 45 வினாடி சொட்டும், உங்களுக்கு வேண்டிய 28 வினாடி இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் எஸ்பிரெஸ்ஸோவுக்கென்று செய்த கை கிரைண்டர் வாங்குங்கள். 18 கிராம் அரைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் சுற்ற வேண்டியிருக்கும். ஆனால் அதே செலவில் கிடைக்கும் மின்சாரக் கிரைண்டரைவிட அரைவை சீராக இருக்கும்.

அடுத்தது பாஸ்கெட். கடையில் போர்ட்டாஃபில்டரை, அதாவது தூள் போட்டு மெஷினில் பூட்டும் கைப்பிடியை, கையில் வாங்கி, உள்ளே இருக்கும் உலோகக் கிண்ணத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அடிமுழுக்க நூற்றுக்கணக்கில் நுண்துளைகள் தெரிந்தால் அது ஒற்றைச் சுவர் பாஸ்கெட். வெளிப்பக்கம் வழுவழுவென்று இருந்து நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரே ஒரு துளை தெரிந்தால் அது இரட்டைச் சுவர். இரட்டைச் சுவரில் அழுத்தத்தை உண்டாக்குவது தூள் இல்லை, அந்த ஊசித் துளை. அதனால் பழைய தூள், கொரகொரப்பாக அரைத்த தூள் எதைப் போட்டாலும் மேலே நுரை நிற்கும். அந்த நுரை கிரேமா (நல்ல எஸ்பிரெஸ்ஸோ மேல் படியும் பொன்னிற நுரை) கிடையாது. காற்றும் காபியும் பீய்ச்சியடித்து உண்டானது, நாக்கில் பட்டதும் தெரிந்துவிடும். கடையில் அரைத்த தூளையே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறவருக்கு இரட்டைச் சுவர் ஒரு வசதிதான், மறுக்கவில்லை. கிரைண்டர் வாங்குகிறவர் முதல் நாளே ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறிவிட வேண்டும். அந்த மெஷினுக்கு அப்படி ஒரு பாஸ்கெட் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாஸ்கெட்டின் விட்டமும் முக்கியம். கஃபேக்களில் பெரும்பாலும் 58 மி.மீ. அந்த அளவில் டேம்ப்பர் (தூளை அழுத்தும் கருவி), பாஸ்கெட், தூள் சிந்தாத வளையம் என்று எல்லாமே எளிதாகக் கிடைக்கும். 54 மி.மீ.க்கும் இப்போது பஞ்சமில்லை. 51 மி.மீ.யிலும் 57 மி.மீ.யிலும் தேடித்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது மூவழி வால்வு. ஷாட்டை நிறுத்தியதும் மெஷின் ‘புஸ்’ என்று மூச்சுவிட்டு, மிச்ச அழுத்தத்தையும் கொஞ்சம் தண்ணீரையும் வடிதட்டுக்குள் கொட்டினால் அந்த வால்வு இருக்கிறது என்று அர்த்தம். தூள் வில்லை ஓரளவு உலர்ந்து, தட்டினால் ஒரே துண்டாக விழும். வால்வு இல்லாத மெஷினில் அழுத்தம் உள்ளேயே தங்கிவிடும். அவசரப்பட்டு போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் கொதிக்கும் காபிச் சேறு கையிலும் சுவரிலும் தெறிக்கும். அந்த மெஷின்களில் அரை நிமிடமாவது பொறுத்துத்தான் கழற்ற வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. துளையில்லாத பாஸ்கெட்டில் காபி மெஷினுக்கான சுத்திகரிப்புத் தூள் போட்டு உட்புறத்தைக் கழுவும் பேக்ஃப்ளஷ் முறை மூவழி வால்வு உள்ள மெஷினுக்கு மட்டும்தான். இல்லாததில் செய்தால் அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது.

வெப்பத்துக்கு வருவோம். தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கருக வறுத்த கொட்டைக்குக் கீழ்ப்பக்கம், இளவறுவலுக்கு மேல்பக்கம். பழைய பாணி தெர்மோஸ்டாட் பாய்லரில் இந்த எல்லைக்குள்ளேயே நிற்பது கடினம். ஹீட்டர் அணைந்து மறுபடி எரிவதற்குள் வெப்பம் பல டிகிரி ஏறி இறங்கிவிடும். பிஐடி என்னும் மின்னணுக் கட்டுப்பாடு அந்த ஊசலாட்டத்தை ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடக்கிவிடுகிறது. கூடுதலாகச் செலவு செய்ய ஒரே ஒரு வசதியைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால், தயங்காமல் பிஐடி என்று சொல்வேன்.

இனி மெஷின்கள். டெலோங்கி டெடிகா 15 செ.மீ. அகலம்தான்; சமையல் மேடையில் இடமே இல்லாதவர்களுக்கு. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் தெர்மோபிளாக் என்பதால் சீக்கிரம் சூடாகும். கூடவே வரும் பாஸ்கெட்டுகள் 51 மி.மீ. இரட்டைச் சுவர். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டைத் தனியாக வாங்கிப் போட்டால்தான் இதன் உண்மையான தரம் வெளியே வரும். காபி இயந்திரம் வேண்டும், ஆனால் அதைப் பொழுதுபோக்காக வளர்த்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்பவருக்கு இது போதும்.

பிரெவில் பம்பீனோவைச் சில நாடுகளில் சேஜ் என்ற பெயரில் விற்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். தண்ணீர் தயாராக 3 வினாடி என்கிறது நிறுவனம், அது உண்மைதான். ஆனால் தண்ணீர்தான் தயார். போர்ட்டாஃபில்டர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். வெறும் பாஸ்கெட்டோடு பூட்டி ஒரு முறை வெந்நீரை ஓடவிட்டு, துடைத்துவிட்டுத் தூளைப் போடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் காபி புளிக்கும். வெப்பக் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது, பாஸ்கெட் 54 மி.மீ. குறை என்றால் எடை. போர்ட்டாஃபில்டரைப் பூட்டும்போது மெஷினே கூடச் சுழலும், மறுகையால் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். பம்பீனோ பிளஸ் பால் நுரையைத் தானே அடித்துக் கொடுக்கும்; பால் காபி குடிக்கும் வீட்டுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

காஜியா கிளாசிக் வேறு ரகம். 58 மி.மீ. பாஸ்கெட், மூவழி வால்வு, திருகாணி கழற்றத் தெரிந்தவர் எவரும் பழுதுபார்க்கக்கூடிய எளிய உள்ளமைப்பு. உதிரிபாகம் எப்போதும் கிடைக்கும், பத்து ஆண்டு தாண்டியும் ஓடும். அண்மைப் பதிப்புகளில் அழுத்த வால்வு 9 பாருக்கான ஸ்பிரிங்கோடு வருகிறது. பழையதை வாங்கினால் அந்த ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் முதல் வேலை. பாய்லர் ரொம்பச் சிறியது, 100 மி.லி.யை ஒட்டித்தான். அதனால் ஷாட் நடுவிலேயே வெப்பம் சரியும், பாலுக்கான ஆவியும் சீக்கிரம் தீரும். பிஐடி பொருத்தும் கிட் தனியாகக் கிடைக்கிறது; அதைப் பொருத்திவிட்டால் இந்த மெஷின் முற்றிலும் வேறு.

ரான்சிலியோ சில்வியாவின் பாய்லர் 300 மி.லி., பித்தளை. ஆவி வலுவாக வரும், உடம்பும் கனம். ஆனால் அடிப்படைப் பதிப்பில் பிஐடி கிடையாது. அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெப்பத்தைப் பிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். போர்ட்டாஃபில்டரைப் பூட்டியபடியே அரை மணி நேரம் சூடாகவிடுங்கள். ஹீட்டர் விளக்கு எரியும்வரை தண்ணீரை ஓடவிட்டு நிறுத்துங்கள். விளக்கு அணைந்த பின் எண்ணிப் பார்த்து, தினமும் ஒரே இடைவெளியில் ஷாட்டைத் தொடங்குங்கள். புளித்தால் இடைவெளியைக் குறையுங்கள், கருகினால் கூட்டுங்கள். இது பிடிக்காதவர் பிஐடியோடு வரும் லேலித் அன்னாவைப் பார்க்கலாம். அதில் 57 மி.மீ. பாஸ்கெட் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பால் வேண்டாம், வெறும் எஸ்பிரெஸ்ஸோ போதும் என்பவருக்கு கை நெம்புகோல் மெஷின்கள் அருமையான தேர்வு. கஃபேலாட் ரோபோட்டில் பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, பழுதாக என்ன இருக்கிறது? கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி இரண்டு கையாலும் அழுத்த வேண்டியதுதான். ஃப்ளேர் என்ற இன்னொரு கை மெஷின் வகையில் இளவறுவல் கொட்டை போடும்போது சிலிண்டரை முன்னதாகச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

இ61 குழுத்தலை (போர்ட்டாஃபில்டரைப் பூட்டும் பாகம்) வைத்த பெரிய மெஷின்களைப் பார்த்து மயங்காதவர் குறைவு. 1961ல் ஃபேமா கொண்டுவந்த அந்த வடிவம் இன்றும் அப்படியே தொடர்கிறது. நான்கு கிலோவை ஒட்டிய உலோகத் தலை அது, சூடேற அரை மணி நேரம் போகும். ஒரே நேரத்தில் நான்கைந்து பேருக்குப் பால் காபி போடும் வீடாக இருந்தால் சரி. காலையில் ஒரே ஒரு கோப்பை குடித்துவிட்டு ஓடுகிறவர் இதை வாங்கினால் மின்சாரத்துக்கும் பொறுமைக்கும் கேடு. பொத்தானை அழுத்தினால் தானே அரைத்து ஊற்றும் முழுத் தானியங்கி வேண்டுமென்றால், காபி இறக்கும் உட்பாகத்தைக் கழற்றிக் குழாயடியில் கழுவ முடிகிற மாடலாக எடுங்கள். வாரம் ஒரு முறை அதைக் கழுவாமல் விட்டால் எண்ணெயும் ஈரத் தூளும் சேர்ந்து பூசணம் பிடிக்கும்.

எந்த மெஷினாக இருந்தாலும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது இது. 18 கிராம் தூளை எடை பார்த்துப் போட்டு, கட்டிகளை மெல்லிய ஊசியால் கிளறி உடைத்து, சமமாக அழுத்துங்கள். கோப்பைக்கு அடியில் தராசு வைத்து 36 கிராம் வந்ததும் நிறுத்துங்கள். 25 முதல் 30 வினாடி ஆக வேண்டும். 54 மி.மீ., 51 மி.மீ. பாஸ்கெட்டில் அதற்குரிய அளவு தூளைப் போட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு எடை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 15 வினாடியில் வந்துவிட்டால் இன்னும் நைசாக அரையுங்கள். 40ஐத் தாண்டினால் சற்றுக் கொரகொரப்பாக. டேம்ப்பரைக் கூடுதலாக அழுத்தி நேரத்தைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அரைவையை மட்டும் மாற்றுங்கள். அடிப்பக்கம் திறந்த போர்ட்டாஃபில்டர் ஒன்று இருந்தால் தவறு கண்ணுக்கே தெரியும். சரியாக இறங்கினால் அடிமுழுக்கத் துளித்து, நடுவில் தேன் போல ஒரே தாரையாகக் கூடும். ஓர் ஓரத்திலிருந்து மெல்லிய நூலாகப் பக்கவாட்டில் பீய்ச்சினால் தூள் அந்த இடத்தில் தளர்வாக இருந்திருக்கிறது.

ஒற்றை பாய்லர் மெஷினில் பால் நுரைத்து முடித்ததும் ஒரு வேலையை மறக்கவே கூடாது. ஆவிக் குழாய் வழியாகப் பம்பை ஓட்டி, ஆவி நின்று தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். ஆவியாகப் போன தண்ணீருக்குப் பதில் பாய்லர் நிறைய வேண்டும். விட்டால் ஹீட்டர் வெறுமனே காய்ந்து எரிந்துபோகும். அடுத்த ஷாட்டும் மிதமிஞ்சிய சூட்டில் கருகித்தான் வரும்.

பழுதுக்கு வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றைக் கெடுத்திருப்பது தண்ணீர். கடினத் தண்ணீர் பாய்லரில் உப்புப் படிய வைக்கும். அதிலிருந்து பெயரும் சிறு செதில் ஒன்று மூவழி வால்வில் மாட்டினால் போதும், தண்ணீர் வரத்து நின்றுவிடும். படிந்த பின் அமிலம் போட்டுக் கரைப்பதைவிடப் படியாமல் பார்ப்பதுதான் நல்லது. சுத்தமான ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றுவதும் தப்பு. உலோகத்தை அரிக்கும், சுவையும் சப்பென்று இருக்கும். தண்ணீர் மட்டத்தை மின்கடத்தலால் அறியும் பாய்லர்களில் இந்தத் தண்ணீர் இருப்பதே மெஷினுக்குத் தெரியாது. எளிய வழி, வாலைவடி நீர் ஒரு லிட்டருக்கு 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கலந்து ஊற்றுவது. கால்சியம் இல்லாததால் உப்பு படியாது, அரிப்பும் அடங்கும்.

பழைய மெஷின் வாங்கினால் போர்ட்டாஃபில்டரைப் பூட்டிப் பாருங்கள். கைப்பிடி நேராக நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி வலப்பக்கம் வெகுதூரம் போனால் ரப்பர் கேஸ்கெட் தேய்ந்திருக்கிறது. ஓரத்தில் காபி கசிந்தால் இறுகிப்போயிருக்கிறது. அதற்காக வேண்டாம் என்று திரும்பிவர வேண்டியதில்லை. கேஸ்கெட் மலிவான உதிரிபாகம், கூரான ஆணியால் நெம்பி எடுத்துவிடலாம். தண்ணீரைத் தூள் மேல் பரப்பும் சல்லடைத் தட்டான ஷவர் ஸ்க்ரீனையும் அப்போதே கழற்றி அதன் பின்பக்கம் பாருங்கள். முந்தையவர் மெஷினை எப்படி வைத்திருந்தார் என்பது அங்கே படிந்திருக்கும் கறுப்பு எண்ணெயிலேயே தெரிந்துவிடும்.