புகழ் ஏறும்போது கேமரா: இரண்டு ராக் ஆவணப்படங்கள்

ராக் இசைக்குழு எப்படி மேலே வருகிறது என்று பார்க்க ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், 'டிக்!' பாருங்கள். ஓண்டி டிமோனர் ஏழு வருடம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்து எடுத்தது. 2004-இல் சண்டான்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான நடுவர் பரிசு வாங்கியது. நண்பர்களாகத் தொடங்கிய இரண்டு குழுக்கள். டேண்டி வார்ஹோல்ஸ் பெரிய இசைக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஐரோப்பாவில் பேர் எடுக்கிறது. இன்னொரு குழுவான பிரையன் ஜோன்ஸ்டவுன் மாஸக்கரின் தலைவர் ஆன்டன் நியூகோம்ப், வரும் வாய்ப்பையெல்லாம் தானே உடைக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸின் வைப்பர் ரூம் கிளப்பில் மேடையிலேயே குழுவுக்குள் அடிதடி, நடுவில் ஒரு சித்தார் உடைகிறது. சிரிப்பதா பதறுவதா என்றே தெரியாது.

ஒரு குறை: கதை சொல்லும் குரல் டேண்டி வார்ஹோல்ஸ் பாடகருடையது. போட்டியில் ஓடுகிறவரே வர்ணனையும் செய்தால் எப்படி? நியூகோம்ப் படத்தின் மீது கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

கிராண்ட் ஜீயின் 'மீட்டிங் பீப்பிள் ஈஸ் ஈஸி' (1998) வேறு ரகம். சண்டை இல்லை, அலுப்புதான். 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் வெளிவந்த பிறகு ரேடியோஹெட் குழு கச்சேரிக்காக ஊர் ஊராகப் போகிறது. பேட்டிகளில் அதே கேள்விகள், அதே பதில்கள். 'நோ சர்ப்ரைசஸ்' பாட்டுக்கான வீடியோ படப்பிடிப்பில் பாடகர் தாம் யார்க்கின் தலைக்கவசத்துக்குள் தண்ணீர் ஏறுகிறது. மூச்சை அடக்க முடியாமல் மறுபடி மறுபடி திணறுகிறார். படம் முழுக்கச் சொல்ல வந்தது அந்தக் காட்சியிலேயே இருக்கிறது. ரேடியோஹெட் பாட்டு பிடிக்காதவர்களுக்குப் பாதியிலேயே தூக்கம் வரும். எனக்கும் முதல் தடவை வந்தது.