சிங்கப்பூர்–நியூயார்க்: நேராகவா, பிராங்க்பர்ட் வழியாகவா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நில்லாமல் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், பெரும்பாலும் பசிபிக் கடலுக்கு மேலாக, பின்காற்றின் துணையோடு ஏறக்குறைய 15,300 கி.மீ. தொலைவை 18 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து கடக்கிறது. அதே நிறுவனத்தின் பிராங்க்பர்ட் வழி விமானத்துக்குத் தொலைவு ஆயிரம் கி.மீ. அளவுக்கே கூடினாலும், இடைநிறுத்தத்தையும் சேர்த்தால் பயணம் ஒரு முழு நாளை நெருங்கிவிடுகிறது.

நேர்வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு பறக்கும்) ரகத்தில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. எகானமி வகுப்பு அறவே இல்லை என்பதால், குடும்பத்தோடு சிக்கனமாகச் செல்ல விரும்புவோருக்கு அது எட்டாக்கனிதான். பிராங்க்பர்ட்டில் கைப்பையுடன் இறங்கி, மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க நேர்ந்தாலும், வயதான பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். நடுவில் காலாற நடக்கக் கிடைக்கும் அந்த அவகாசம், மிச்சமாகும் ஐந்தாறு மணி நேரத்தைவிட அவர்களுக்கு முக்கியம்.