பத்து லட்சத்துக்கு அலுவலகக் கட்டடத்தில் ஒரு பங்கு: பிராப்ஷேர் பிளாட்டினா

பலர் கூடிப் பணம் போட்டு ஒரே கட்டடத்தை வாங்கும் முறையை பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 மார்ச்சில் ‘சிறு, நடுத்தர ரீட்’ (ரீட் என்பது வாடகை தரும் கட்டடங்களில் பலரின் பணத்தை முதலீடு செய்யும் அறக்கட்டளை) என்ற ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்த பிறகு, அதன்படி முதலில் சந்தைக்கு வந்த திட்டம் பிராப்ஷேர் பிளாட்டினா. பெங்களூரு வெளிவட்டச் சாலையிலுள்ள அலுவலகத் தளங்களுக்காக 353 கோடி ரூபாய் திரட்டி, 2024 டிசம்பரில் மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

சொத்தில் 95 விழுக்காடாவது கட்டி முடிந்து வாடகை ஈட்டுவதாக இருக்க வேண்டும் என்ற விதிதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அஸ்திவாரத்தோடு நின்றுபோன அடுக்குமாடி வீட்டுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதன் அருமையை அறிவார்கள். வில்லங்கச் சான்று, பத்திரப் பதிவு, வாடகை வசூல் என்று எந்த அலைச்சலும் நமக்கில்லை. செலவு போக மிஞ்சும் வாடகை காலாண்டுதோறும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

இடறுவது வேறிடத்தில். ஒரு யூனிட்டின், அதாவது திட்டத்தில் ஒரு பங்கின், குறைந்தபட்ச விலையே 10 லட்சம் ரூபாய் என்பதால், பட்டியலில் இருந்தாலும் அவசரத்துக்கு விற்க முனைபவருக்கு ஆள் எளிதில் அமையாது. ஒரே கட்டடத்தை நம்பிய முதலீட்டில், பெரிய வாடகைதாரர் காலி செய்தால் வருமானமும் கூடவே சுருங்கும். எம்பசி போன்ற பெரிய ரீட்களின் யூனிட்டைச் சில நூறு ரூபாய்க்கே வாங்க முடியும்போது, சேமிப்பின் பெரும்பகுதியை இதில் முடக்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.