சிஸிங்ஹர்ஸ்ட்டா, கிரேட் டிக்ஸ்டரா?

இரண்டும் இங்கிலாந்தின் பெயர்பெற்ற தோட்டங்கள். முதலாவது கென்ட் மாவட்டத்தில், இரண்டாவது பக்கத்துக் கிழக்கு சஸ்ஸெக்ஸில். நடுவில் காரில் அரை மணி நேரம்தான். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. பார்க்கலாம்தான், ஆனால் இரண்டாவது தோட்டம் மனசில் ஏறாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வீடுதான் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், டிக்ஸ்டர். சிஸிங்ஹர்ஸ்ட்டுக்குக் கோட்டை என்று பெயர் இருக்கிறதே தவிர, அங்கே கோட்டையும் இல்லை, முழுசாக ஒரு வீடும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுக் கைதிகளை அடைத்து வைத்திருந்த இடம் அது. அவர்கள் தங்கள் மொழியில் 'ஷாத்தோ' என்று சொன்னது அப்படியே கோட்டையாக ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் 1930இல் வாங்கியபோது, பெரும்பகுதி இடிந்துபோய் ஒரு கோபுரமும் சில துண்டுக் கட்டடங்களுமே மிச்சம். ஒன்றில் தூக்கம், வேறொன்றில் சாப்பாடு, கோபுரத்தில் வீட்டாவின் எழுத்து மேசை. மழை நாளில் குடை பிடித்துக்கொண்டுதான் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

டிக்ஸ்டரோ 15ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. 1910இல் நத்தானியல் லாயிட் வாங்கி, கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸிடம் ஒப்படைத்தார். பெரிய கூடத்துக்குள் பின்னாளில் யாரோ செருகியிருந்த தளத்தைப் பிரித்தெடுத்து, கூரை வரை திறந்துவிட்டார் லுட்யன்ஸ். பெனண்டன் என்ற ஊரிலிருந்து இன்னொரு பழைய மரவீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து பின்னால் பூட்டினார். டிக்ஸ்டர் வேலை முடிந்த 1912இல்தான் புதுத் தலைநகர் தில்லிக்கு இடம் பார்க்கவும் போனார். அங்கே அவர் வடிவமைத்த குடியரசுத் தலைவர் மாளிகையின் அந்த அளவெடுத்த நிமிர்வை நினைத்துக்கொண்டு இங்கே வந்தால் சிரிப்பு வரும்: முகப்புத் தாழ்வாரமே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, மனிதர் அதை நிமிர்த்தவில்லை.

தோட்டம் என்று வந்தால்தான் சண்டை. வீட்டா பிறந்து வளர்ந்தது நோல் என்ற பிரம்மாண்ட மாளிகையில். 1928இல் அப்பா இறந்ததும், பெண் என்பதால் அது சித்தப்பாவுக்குப் போய்விட்டது. அந்த ஏக்கத்தோடுதான் இந்தப் பாழிடத்தில் மண்வெட்டியைப் பிடித்தார். கோடு போட்டது ஹெரால்ட்: சுவரும் வேலியும் வைத்து அறை அறையாகப் பிரித்தார். அறைகளை நிரப்பியது வீட்டா. கோபுரத்தின் 78 படி ஏறி மேலிருந்து பார்த்தால் இருவர் கையும் தனித்தனியே தெரியும். வெள்ளைப் பூவும் சாம்பல் இலையும் மட்டுமே உள்ள வெள்ளைத் தோட்டத்தில், ஜூலை தொடக்கத்தில் நடுப் பந்தலை ரோஜாக்கொடி மூடிவிடும். நம் ஊர் முல்லைப் பந்தலை நாலைந்து மடங்கு பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

அழகுதான். ஆனால் எனக்குக் கொஞ்சம் தலைவாரிப் பவுடர் போட்ட அழகு. நத்தானியலின் மகன் கிறிஸ்டோபர் லாயிட்டுக்கு அந்த அடக்கம் பிடிக்காது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் கத்திரிப்பூ நிறத்தை வைத்துவிட்டு, முகம் சுளிப்பவர்களை ரசித்தவர் அவர். 1993இல், எழுபதைத் தாண்டிய வயதில், லுட்யன்ஸ் வகுத்த ரோஜாத் தோட்டத்தையே பிடுங்கி எறிந்தார். தலைமைத் தோட்டக்காரர் ஃபெர்கஸ் காரெட்டோடு சேர்ந்து அங்கே வைத்தது என்ன தெரியுமா? வாழை, கல்வாழை, ஆமணக்கு, டேலியா. நம் கொல்லைப்புறச் சாமான்! ஜப்பானிய வாழை வகைதான், ஆனாலும் பனி தாங்காது. குளிர்காலத்தில் பெரணி இலைகளைத் தண்டைச் சுற்றி மெத்தையாகத் திணித்துக் கட்டிவிடுகிறார்கள். இலையை அறுத்துச் சாப்பாடு போடும் மரத்துக்குச் சட்டை மாட்டுவதைப் பார்க்க நமக்கு விநோதமாக இருக்கும்.

சிஸிங்ஹர்ஸ்ட் 1967 முதல் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வசம். அதன் உறுப்பினர் அட்டை இருந்தால் டிக்கெட் வேண்டாம். டிக்ஸ்டர் தனி அறக்கட்டளை, அந்த அட்டை அங்கே செல்லாது. கார் இல்லாதவர்கள் முதலாவதற்கு ஸ்டேபிள்ஹர்ஸ்ட் ரயில் நிலையத்தில் இறங்கலாம். இரண்டாவதற்கு ரை என்ற ஊருக்குப் போய்ப் பஸ் பிடிக்க வேண்டும், அது கொஞ்சம் அலைச்சல்.

ஜூனிலோ ஜூலை முதல் வாரத்திலோ போகிறீர்கள் என்றால் நானும் சிஸிங்ஹர்ஸ்ட்டைத்தான் சொல்வேன். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் டிக்ஸ்டர். பொது விடுமுறை இல்லாத திங்கட்கிழமையில் மட்டும் அங்கே போய் நிற்காதீர்கள், பூட்டியிருக்கும்.