பூஞ்சணம் பிடித்த இசைத்தட்டுகளுக்கு அல்ட்ராசோனிக் இயந்திரம்: வாங்கலாமா?

பினாங்கில் பழைய தமிழ் இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்குக் கீறலைவிடப் பெரிய எதிரி பூஞ்சணம். ஆண்டு முழுக்க ஈரக்காற்று அடிக்கிற தீவு இது. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும் எழுபதுகளின் எச்.எம்.வி. நிறுவன இ.பி. (ஏழு அங்குலச் சின்னத் தட்டு) ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி ஓடும் பள்ளமான வரிகளின் மேல் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் படர்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் பாட்டைவிடப் படபடப்புதான் அதிகம் கேட்கும். ஊசிக்கும் கேடு.

கையால் கழுவிப் பார்க்காமல் இல்லை. தட்டை நிறுத்திச் சுற்றும் தொட்டி, இரண்டு பக்கமும் மென்மையான தூரிகை, ஓரிரு சொட்டு சவர்க்காரத் திரவம் எல்லாம் என்னிடம் உண்டு. புதுத் தட்டுக்கும் வெறும் தூசிக்கும் அது தாராளமாகப் போதும். ஆனால் வரியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். பல வருஷமாக அதன் அடியில் ஒட்டிக் காய்ந்துபோன பூஞ்சணத்தைத் தூரிகை நுனி எட்டுவதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியைத் தண்ணீரில் போட்டு 'ஜீ' என்ற சத்தத்தோடு சுத்தம் செய்து தருவார்களே, அதே தொழில்நுட்பம்தான் இந்த அல்ட்ராசோனிக் இயந்திரத்திலும். நான் வாங்கியது ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டும் கழுவும் 40 கிலோஹெர்ட்ஸ் இயந்திரம். நொடிக்கு நாற்பதாயிரம் முறை அதிரும்போது தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றித் தோன்றி உடைகின்றன. உடையும் வேகத்தில் வரிக்குள் இருக்கும் அழுக்கு பெயர்ந்து வருகிறது. அதிர்வெண் கூடினால் குமிழ் இன்னும் சிறிதாகும். எஸ்தோனியாவின் டிகிரிட்டர் என்ற இயந்திரம் 120 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. அதன் விலை இதைப்போலப் பல மடங்கு, என் வருமானத்துக்குத் தாங்காது. இதற்கே தபால் செலவோடு ஏறத்தாழ இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிட்டது.

லோரோங் கூலிட்டில் எனக்கு வழக்கமாகத் தட்டு தரும் அண்ணன் கேட்டார்: "தம்பி, அந்தக் காசுக்கு என்கிட்ட எத்தனை தட்டு வாங்கலாம் தெரியுமா?" நியாயமான கேள்வி. என் வீட்டில் நானூறு தட்டுக்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் பூஞ்சணம். நானூறு என்றே வைத்துக்கொண்டாலும் தட்டுக்கு ஐந்து வெள்ளி. எனக்கு அது கட்டுபடியாகும். ஐம்பது தட்டு வைத்திருப்பவருக்கு அதே கணக்கு நாற்பது வெள்ளியில் போய் நிற்கும். அவருக்குக் கைத்தொட்டி போதும் என்றுதான் சொல்வேன்.

இனி பலனுக்கு வருகிறேன். சுசீலா பாடிய இ.பி. ஒன்று, பாட்டுக்கு முன் வரும் வயலினே காதில் விழாத அளவுக்குக் கரகரத்தது. முதலில் கைத்தொட்டியில் மேலழுக்கைப் போக்கிவிட்டு இயந்திரத்தில் இறக்கினேன். கழுவி முடித்ததும் தொட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய வண்டல் தங்கியிருந்தது. காய்ந்த பிறகு ஓட்டினால் படபடப்பு பெரும்பாலும் போய்விட்டது. வயலின் முடிந்து குரல் எழும் முன் அந்த அம்மா மூச்சிழுப்பது தெளிவாகக் கேட்டது. அந்த ஒரு தட்டுக்காகவே இந்த இயந்திரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஆனால் டி.எம்.எஸ். தட்டு ஒன்று இரண்டு முறை கழுவியும் மாறவில்லை. குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கிழிந்தாற்போல ஒலிக்கிறது. அது அழுக்கு இல்லை, தேய்மானம். கனமான, மழுங்கிய ஊசியில் ஓடி ஓடி வரியின் சுவரே தேய்ந்துவிட்டது. எந்தக் குளியலும் அதைத் திருப்பித் தராது, கீறலுக்கும் அப்படித்தான். இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் மனக்கசப்பு இருக்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர்கூடப் பிடிக்காத தொட்டி, அதனால் தண்ணீர் சீக்கிரம் கலங்கிவிடுகிறது. குழாய்த் தண்ணீர் கூடாது, அதிலுள்ள உப்பு வரிக்குள் படிந்துவிடும். வாலை வடிநீர்தான் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்ற வேண்டும், அது தொடர்ந்து வரும் செலவு. உலர்த்தும் விசிறி இந்த ஊர் ஈரத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. வெளியே எடுத்துத் தாங்கியில் நிறுத்தி இன்னும் கொஞ்ச நேரம் காயவிடுகிறேன். சத்தமும் உண்டு, இராத்திரியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தொடர்ந்து கழுவினால் தண்ணீர் சூடேறும். வினைல் சூட்டில் நெளியும் பொருள் என்பதால், தொட்டுப் பார்த்து வெதுவெதுப்பானதும் நிறுத்திவிடுவேன்.

வாங்குவதாக இருந்தால் ஏழு அங்குலத் தட்டுக்கான இணைப்பு பெட்டியிலேயே வருகிறதா, தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் அந்த அளவில்தானே இருக்கிறது. அந்த இணைப்பு இல்லாவிட்டால் நடு லேபிள் நனைந்து சாயம் போகும். கடையில் ஆல்கஹால் கலந்த திரவம் தள்ளிவிடப் பார்ப்பார்கள். தாத்தா காலத்து, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு வைத்திருப்பவர்கள் அதைக் கிட்டேயே சேர்க்க வேண்டாம், அரக்கு ஆல்கஹாலில் கரையும்.

அப்புறம் உள்ளுறை. கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திரும்பப் போட்டால், அதில் தங்கியிருக்கும் பூஞ்சணம் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பிடிக்கும். இயந்திரத்துக்கு எடுத்து வைக்கும் பணத்தோடு புது உறைகளுக்கும் சேர்த்தே எடுத்து வையுங்கள். மொத்தச் செலவு கையைக் கடித்தால் தட்டு சேர்க்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஒரு வீட்டுத் தட்டுகளைக் கழுவி முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகட்டும், தினமும் தேவைப்படுகிற சாமான் இல்லை இது.